அம்பாசடர் கதவுக்குள் மின்சாரம்

பழைய காருக்குப் பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், கதவில் ஸ்பீக்கர். ஆசை எளிது. ஒயரைக் கதவுக்குள் கொண்டுபோவதுதான் கடினம். அவசரத்தில் போட்ட துளையை மறுபடி அடைக்க முடியாது. அந்தக் கதவு இப்போது எந்தத் தொழிற்சாலையிலும் தயாராவதில்லை.

கொல்கத்தா மல்லிக் பஜாரின் உதிரி பாகக் கடைகளில் கழற்றிப் போட்ட அம்பாசடர் கதவு ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் முதலில் தெரிவது அதன் எடை. உள்பக்க அட்டையைக் கழற்றினால் இரண்டாவது ஆச்சரியம்: உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரம், பூட்டு, அதை இயக்கும் இரண்டொரு கம்பிகள், அடியில் மழைநீர் வடிய சில துளைகள். ஒரு ஒயர்கூடக் கிடையாது. கதவைத் திறந்தால் எரியும் விளக்கின் ஸ்விட்ச்சுகூடக் கதவில் இல்லை, தூணில் இருக்கும்.

காரணம் எளிது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1950களின் இறுதியில் ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாசடருக்குக் கதவில் மின்சாரம் தேவைப்படவில்லை. கண்ணாடிக்குக் கைப்பிடி, பூட்டுக்குச் சாவி. மும்பை குர்லாவில் ஃபியட் 1100 ஆகத் தொடங்கிப் பிறகு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய காரின் கதையும் இதுவே. இன்றைய சாதாரண காரின் ஓட்டுநர் கதவுக்குள் ஒரு டஜன் ஒயருக்கு மேல் போகிறது என்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கால வடிவமைப்பாளர்களின் நிம்மதி புரியும்.

அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. மும்பை டாக்சிகளில் கடைசி பத்மினி 2023 அக்டோபரில் விடைபெற்றது. சாலையிலிருந்து விலக விலக இந்தக் கார்கள் ஆர்வலர்களின் வீடுகளுக்குள் நுழைகின்றன. வாங்குகிறவர் எல்லோரும் அருங்காட்சியகம் நடத்துபவர் இல்லை. தாத்தாவின் காரை மனைவி, குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்ட விரும்புகிறவர்கள் பலர். ஏசி வைத்தாயிற்று. நான்கு கண்ணாடியையும் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த நிறுத்தம் எலக்ட்ரீஷியன் கடை.

அசைவுதான் எதிரி

கார் ஒயரிங்கில் மற்ற இடங்களுக்கும் கதவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். டாஷ்போர்டுக்குப் பின்னாலும் தரைவிரிப்புக்கு அடியிலும் ஒயர் படுத்தபடி கிடக்கிறது. கீல் ஓரத்தில் அது வேலை செய்கிறது. ஒரு கதவு நாளைக்கு 20 முறை திறந்து மூடப்பட்டால் ஆண்டுக்கு 7,300 முறை. பத்தாண்டில் 73,000 முறை. ஒவ்வொரு முறையும் அந்தச் சில அங்குலத் தாமிரம் வளைந்து நிமிர்கிறது. தாமிரம் வளைய வளைய இறுகும். இறுகிய பின் முறியும். ஒவ்வோர் இழையாக முறிவதால் வெளியே எதுவும் தெரியாது. கதவைப் பாதி திறந்தால் ஸ்பீக்கர் பாடும், மூடினால் நின்றுவிடும் என்பது இந்த நோயின் முதல் அறிகுறி.

ஒயர் முறிவது நடுவில் அல்ல. எங்கே அது இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறதோ, அந்தத் துளையின் விளிம்பில்தான். ஆகவே எவ்வளவு நீளம் விட்டோம் என்பதைப் போலவே, இரு முனைகளிலும் எப்படி விட்டோம் என்பதும் முக்கியம்.

முறிவு ஒரு தொல்லை. உராய்வு ஓர் ஆபத்து. துளையிட்ட தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி. ரப்பர் வளையம் இல்லாமல் அதன் வழியே ஒயரை இழுத்துவிட்டால் சில மாதங்களில் பிளாஸ்டிக் உறை அறுந்து தாமிரம் கதவுத் தகரத்தைத் தொடும். காரின் உடல் முழுவதும் பேட்டரியின் ஒரு முனையோடு இணைந்திருப்பதால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். ஃப்யூஸ் இல்லாத ஒயர் என்றால் பேட்டரி அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைத் தள்ளும். உறை உருகும், பக்கத்து ஒயர்கள் உருகும், தரைவிரிப்பு புகையும். பூட்டிவிட்டுப் போன கார் ஆளில்லாத நேரத்தில் எரியக்கூடும் என்பதால்தான் இதை அலங்கார வேலை என்று ஒதுக்க முடியாது.

பழைய கார்களில் இந்த ஆபத்து கூடுதல். அக்காலப் பிரிட்டிஷ் பாணி ஒயரிங்கில் முழுக் காருக்கும் இரண்டே ஃப்யூஸ்கள் என்பது சாதாரணம். முன் விளக்குகளுக்குக் காவலே இல்லாத கார்கள் உண்டு. புதிதாகச் சேர்க்கும் எதையும் அந்தப் பழைய ஃப்யூஸ் பெட்டியில் தொங்கவிடுவது, ஏற்கெனவே மூச்சு வாங்கும் கிழவர் தலையில் மூட்டையை ஏற்றுவது போல. நல்ல எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பார்; பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள்ளேயே ஃப்யூஸ் வைப்பார். டாஷ்போர்டுக்கு அருகே வைத்தால் அதற்கு முந்தைய நீளம் முழுவதும் காவலின்றிக் கிடக்கும்.

கணக்குப் பார்க்காத கரண்ட்

ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய கார்களில் மின்சாரம் தந்தது டைனமோ. பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது 22 ஆம்பியர். மழை பெய்யும் இரவு ஒன்றைக் கற்பனை செய்யலாம். முன் விளக்குகள் இரண்டும் ஏழரை ஆம்பியர், சிறு விளக்குகள் இரண்டு, வைப்பர் மூன்று, இக்னிஷன் மூன்று அல்லது நான்கு. பதினாறு ஆயிற்று. மீதி ஆறு. பல ஆண்டு அழுக்கும் காய்ந்த ஃபெல்ட்டும் இறுக்கிப் பிடித்திருக்கும் கண்ணாடியை மேலே தள்ளும் ஒரே மோட்டார் பத்து ஆம்பியருக்கு மேல் கேட்கலாம். சிக்னலில் நிற்கும்போது டைனமோ தருவதோ ஏறக்குறைய பூஜ்யம்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடி ஏறுவது சில விநாடிகள்தான். அந்தக் கடனைப் பேட்டரி தாங்கும். தொடர்ந்து உறிஞ்சுவது பாட்டுக் கருவியின் ஆம்ப்ளிஃபயர். பவர் விண்டோவைக் குறை சொல்லிக்கொண்டே பெரிய ஆம்ப்ளிஃபயரை டிக்கியில் வைக்கும் உரிமையாளர்கள்தான் மறுநாள் காலை காரைத் தள்ளுகிறார்கள். மோட்டாருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறு: கண்ணாடி ஓடும் தடத்தைச் சுத்தம் செய்து, ஃபெல்ட்டை மாற்றி, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் இடுவது. கையால் ஒரு விரலில் சுற்ற முடிகிற கண்ணாடியைத்தான் மோட்டாரிடம் ஒப்படைக்கலாம். இதைச் செய்த பிறகு மோட்டாரே வேண்டாம் என்று சிலர் முடிவு செய்வதும் உண்டு. மோசமான முடிவல்ல.

இன்னொரு பொறி மிகப் பழைய கார்களில் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக் பெட்டி எல்லாமே நெகட்டிவ் முனை உடலோடு இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. பேட்டரி முனைகளைப் பார்க்காமல் இணைத்தால் முதல் நொடியிலேயே அவற்றுக்கு ஆயுள் முடிந்துவிடும்.

எத்தனை ஒயர்?

துளை போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கண்ணாடி ஸ்விட்ச்சைக் கதவிலேயே வைத்தால் நான்கைந்து ஒயர் கீலைக் கடக்க வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியிலோ இரு முன் சீட்டுகளுக்கு நடுவிலோ வைத்தால் ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டே ஒயர் போதும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை அந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தே ஸ்விட்ச் தீர்மானிக்கும். கடைகளில் கிடைக்கும் சென்ட்ரல் லாக் தொகுப்புகளில் ஓட்டுநர் கதவுக்கு ஐந்து ஒயரும் மற்ற மூன்றுக்குத் தலா இரண்டும் வருவது வழக்கம். ஸ்பீக்கருக்கு இரண்டு. ஒயர் குறையக் குறையத் துளை சிறியதாகும்; வளைவு இளகும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. கதவு இரும்புதானே, எர்த் கீல் வழியாகவே கிடைக்குமே என்று ஒற்றை ஒயரோடு நிறுத்திவிடுவது பழைய பட்டறைத் தந்திரம். கீலில் கிரீஸ், பெயிண்ட், துரு எல்லாம் இருக்கும். எர்த் வரும், போகும். தனி எர்த் ஒயரும் கதவுக்குள் போவதே சரி.

ஒயரின் தரம் அடுத்தது. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய துண்டைக் கதவுக்குப் பயன்படுத்துவது கொலைக் குற்றத்துக்கு ஒரு படி கீழே. அதில் தடித்த இழைகள் சில இருக்கும், சீக்கிரம் முறியும். வாகன ஒயரில் மெல்லிய இழைகள் பல. 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 சேர்ந்தது ஒரு சதுர மில்லிமீட்டர். பூட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் தாராளம். 28 இழை கொண்டது இரண்டு சதுர மில்லிமீட்டர். கண்ணாடி மோட்டாருக்கு அதுதான் வேண்டும். மெல்லிய ஒயர் போட்டால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்து கண்ணாடி நத்தையாகும். கீலைக் கடக்கும் பகுதியில் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. டேப் சுற்றிய முறுக்கு அந்த இடத்தில் ஓர் ஆண்டு தாங்கினால் அதிர்ஷ்டம்.

துளை எங்கே?

மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவில், தூணில் ஒன்று, கதவின் விளிம்பில் ஒன்று. இரண்டும் நேருக்கு நேராக இருக்கலாகாது. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. நேருக்கு நேர் இருந்தால் கதவு மூடும்போது நடுவில் மிஞ்சும் ஒயருக்குப் போக இடமில்லாமல் மடிந்து நசுங்கும். உயர வித்தியாசம் இருந்தால் அது சாய்வாகப் படுத்துக்கொள்ளும். வளைவதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். கூர்மையான வளைவைவிட நீளத்தில் பகிர்ந்துகொள்ளும் முறுக்கைத் தாமிரம் நன்றாகத் தாங்கும்.

அம்பாசடர், பத்மினி இரண்டுமே தனிச் சட்டகம் இல்லாத, உடலே பாரம் சுமக்கும் கார்கள். கீல் தூண் வெறும் அலங்காரத் தகரம் அல்ல. கதவின் எடையைத் தாங்குவது அது. கீல் போல்ட்டுகளுக்கு ஒட்டித் துளைப்பது தவறு. 1950களின் ஃபியட் 1100 கார்களில் முன் கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். அதற்கு ஒயர் வர வேண்டியது முன் தூணிலிருந்து அல்ல, நடுத் தூணிலிருந்து. பின் கதவுகளுக்குப் பெரும்பாலான கார்களில் நடுத் தூண்தான். தரை ஓரத்துப் பட்டையைக் கழற்றி அதன் அடியில் ஒயரைக் கொண்டுவந்து தூணுக்குள் ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை முதலில் விட்டு, அதன் நுனியில் ஒயரைக் கட்டி இழுத்தால் வேலை சுலபமாகும்.

முதலில் சிறு துளை, பிறகு படிப்படியாகப் பெரிது. விளிம்பை அரத்தால் மழுக்க வேண்டும். வெட்டிய தகரம் நிர்வாணத் தகரம். துருத்தடுப்புப் பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகே ரப்பர் வளையம். அவசரக் கடைகளில் எப்போதும் விடுபடும் வேலை இதுதான். மூன்று மழைக்காலம் கழித்துத் துளையைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளிக்கும்போது எலக்ட்ரீஷியன் அல்ல, டிங்கர் அழைக்கப்படுவார்.

வளையம் மட்டும் போதாது. துளைக்குத் துளை செல்லும் ஒயரை அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்று போர்த்தியிருக்க வேண்டும். புதிய கார்கள் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். உடைத்த மாருதி, டாட்டா கார்களின் கதவிலிருந்து கழற்றிய குழாய்கள் பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கும். டெல்லி காஷ்மீரி கேட், சென்னை புதுப்பேட்டை என்று ஊருக்கு ஒரு சந்தை. துளையின் அளவைக் குழாய்க்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டுமே தவிர, துளை போட்டுவிட்டுக் குழாய் தேடுவது வீண் அலைச்சல்.

கதவு அளவுக்கு மீறித் திறக்காமல் தடுக்கும் பட்டை ஒன்று உண்டு. பல பழைய கார்களில் அது தேய்ந்தோ அறுந்தோ இருக்கும். இத்தனை நாள் பரவாயில்லை. ஒயர் வந்த பிறகு, காற்றில் அகலத் திறக்கும் ஒரே கதவு அத்தனையையும் இழுத்து அறுத்துவிடும். முதலில் அந்தப் பட்டையை மாற்ற வேண்டும்.

கதவுக்குள் தண்ணீர் வருவது குறையல்ல. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் உள்ளே வழிந்து அடித்துளைகளில் வெளியேறும்படிதான் கதவே செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே ஒயர் இணைப்புகள் மேலே, வாய் கீழ் நோக்கி இருக்க வேண்டும். கதவுக்குள் நுழைந்த ஒயர் சற்றுத் தாழ்ந்து பிறகு மேலேற வேண்டும்; தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், ஸ்பீக்கருக்குள் போகாது. அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிவது பலரின் வழக்கம். அதன்பின் அட்டை ஊறி உப்பும். உரிமையாளர் ஸ்பீக்கரைத் திட்டுவார்.

பழமையா, வசதியா?

இத்தனையும் செய்யலாம். செய்ய வேண்டுமா என்பது தனிக் கேள்வி. 1964 முதல் டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவரும் பழைய கார் ஊர்வலம் போன்றவற்றில் கார் எந்த அளவுக்கு அசலாக இருக்கிறது என்பதற்கு மதிப்பு உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் 50 வயது தாண்டிய வாகனங்களுக்கு வின்டேஜ் அந்தஸ்தும் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட பதிவு எண்ணும் தருகின்றன. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் ஒயருக்கான விரலளவுத் துளையைப் பெரிய மாற்றம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஸ்பீக்கருக்காக உள்தகரத்தில் வெட்டும் ஆறு அங்குல வட்டம் வேறு சங்கதி. அசல் கதவைப் பொக்கிஷமாகக் கருதுகிறவர் மனதில் அது ஆறாத புண்.

அந்த வட்டத்தைத் தவிர்க்க வழி உண்டு. 1980களில் கேசட் பிளேயர் வைத்த அம்பாசடர்களில் ஸ்பீக்கர்கள் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் உட்கார்ந்தன. ஒயர் தரைவிரிப்புக்கு அடியில் போய்விடும், கீலைக் கடக்கும் பேச்சே இல்லை. இன்றும் அதுவே புத்திசாலித்தனம். கண்ணாடிக்கு, அசல் பல்சக்கரத்தைக் கழற்றாமல் கைப்பிடி மாட்டும் அச்சையே சுற்றும் மோட்டார் தொகுப்புகள் இருக்கின்றன. வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுக் கைப்பிடியை மாட்டிக்கொள்ளலாம். கீலைக் கடக்கும் ஒயரே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்பிரிங் முனைகள்: கதவு மூடும்போது தூணில் உள்ள முனையும் கதவில் உள்ள முனையும் தொட்டுக்கொள்ளும், மூடியிருக்கும்போது மட்டும் மின்சாரம். ஒயர் முறியும் கவலை இல்லை. ஆனால் கடலோர ஊர்களின் ஈரத்தில் அந்த முனைகள் பச்சை பூத்து மக்கர் செய்யும்.

குழந்தைகள் ஏறும் கார் என்றால் ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது. புதிய கார்கள் சிலவற்றில் கை மாட்டினால் கண்ணாடி தானாகவே கீழிறங்கும். பழைய காருக்கு வாங்கிப் பொருத்தும் மலிவான மோட்டாருக்கு அந்தக் கருணை தெரியாது. எனவே ரிலே மூலம் இக்னிஷன் சாவியோடு இணைத்து, சாவி எடுத்ததும் கண்ணாடி அசையாதபடி செய்ய வேண்டும்; பின் கதவுக் கண்ணாடிகளுக்குக் கைப்பிடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது இன்னும் நல்லது. சென்ட்ரல் லாக் செத்துப்போனாலும் உள்ளே இருப்பவர் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறக்க முடிகிறதா என்று ஒவ்வொரு கதவிலும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது அட்டையை மாட்டிவிடக் கூடாது. ஒருவர் மல்டிமீட்டரை ஒயரின் இரு முனைகளில் வைத்துக்கொள்ள, மற்றவர் கதவை ஐம்பது முறை திறந்து மூட வேண்டும். மெதுவாகவும் வேகமாகவும். முள் ஒருமுறை துடித்தாலும் ஒயர் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். பிறகு கண்ணாடியை முழுவதும் இறக்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இறங்கிய கண்ணாடியின் ஓரம் எந்த ஒயரையும் தொடக் கூடாது. கடைசியாக ஒரு வாளித் தண்ணீர். கண்ணாடியின் மேல் ஊற்றி, அடித்துளைகள் வழியே அத்தனையும் வெளியே வருகிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு அட்டையை மாட்டலாம்.